எல்லாத் தாளும் என் ரூமுக்குத்தான் வரும்

கம்ப்யூட்டர் வேலைதான் பாக்கியா தாயி? நீ பஸ் ஏறும்போதே பாத்துட்டேன், பைக்குள்ள லேப்டாப்பு. அப்பச் சரி, உங்கிட்ட சொன்னா விளங்கும். உனக்கு முன்னால இந்த சீட்டுல ஒரு அம்மா இருந்தா. அவகிட்டயும் சொல்ல ஆரம்பிச்சேன். மதுரைக்கு டிக்கெட் எடுத்தவ, கோவில்பட்டியிலயே இறங்கிட்டா. என்னமோ அவசரம் போல, பாவம்.

பிரிண்ட் சர்வர்னா என்னன்னு தெரியுமா? தெரியும்ங்கே. தெரியாதவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க, அதனால நானே சொல்லிருதேன். ஒரு வீட்டுல ஒரே ஒரு பிரிண்டர். ஆனா மாடியில இருக்கவளும் அடிக்கணும், கீழ இருக்கவனும் அடிக்கணும். அதுக்கு நடுவுல ஒரு கம்ப்யூட்டர் உக்காந்து, எல்லார் தாளையும் வாங்கி வாங்கி பிரிண்டருக்குக் கொடுக்கும். வேற ஒரு வேலையும் பாக்காது. படம் காட்டாது, பாட்டுப் பாடாது. எங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருக்கு. செஞ்சது யாருங்கே? நான்தான். இந்தக் கையிதான்.

என் பேரு உலகம்மாள். பாளையங்கோட்டை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்து ரிடையர் ஆனவ. அந்தக் காலத்துல வெளியூருக்குப் பேசணும்னா என் கையிலதான் வரணும். காதுல மாட்டிக்கிட்டு, இந்த லைனை எடுத்து அந்த ஓட்டையில சொருகணும். அவ்வளவுதான். ஒருத்தர் பேசுனதை ஒரு நாள் நான் கேட்டது கிடையாது. கேட்டிருந்தா எனக்குத் தெரியாதா, அரிசி மில்லுக்காரர் ரெண்டாவது மக கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு? மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே தூத்துக்குடியில ஒரு குடும்பம் இருந்துச்சு, கைப்பிள்ளையோட. ஆனா நான் கேக்கலை. வேலைன்னா வேலை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வாரேன். கீழ நாங்க இருக்கோம். நான், எங்க சார், மகன் நயினார், மருமக சிவரஞ்சனி. சார்னா எங்க வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்துல டிராயிங் சாரா இருந்தாரு, ஊரே சார்னு கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டேன். மாடியில எங்க கொழுந்தனாரும் ஓரகத்தி பூரணமும். பூரணம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கா. சிவரஞ்சனி வீட்டுல இருந்தே கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பாக்கா. கெட்டிக்காரி. ஆனா காலையில எந்திரிச்சு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டா, நேரா போய் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துருவா.

அவதான் ஒரு பெரிய பிரிண்டர் வாங்கி அவ ரூம்ல வச்சா. வாங்குன அன்னைக்கே பிடிச்சது சனி. அவ போன்ல யாரோ கடைக்காரர்கிட்ட பேசிக்கிட்டு இருப்பா, பூரணம் கேள்வித்தாள் அடிக்கணும்னு பென் டிரைவைத் தூக்கிக்கிட்டு மாடியில இருந்து இறங்கி வருவா. அவ போனதும் எங்க சார் வருவாரு. எங்க தெருமுக்குல ஒரு லைட்டு எரியாது தாயி. அதைப் பத்தி அவர் மாநகராட்சிக்கு மனு எழுதி எழுதியே கை தேஞ்சு போச்சு. எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கும், ஆனா கையால எழுதினா மதிக்க மாட்டேங்கான்னு டைப் அடிச்சுக் கொண்டாருவாரு. நானும் எப்பவாவது போவேன். கோலம், ராசிபலன், ஊறுகாய் போடுத பக்குவம், இப்படி ஏதாச்சும். எப்பவாவதுதான். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, விளக்கு வச்ச பொறவு ஒண்ணு.

ஒரு நாள் பூரணத்தோட பென் டிரைவ்ல இருந்து என்னமோ வைரஸ் ஏறிப்போச்சு. சிவரஞ்சனி கம்ப்யூட்டர்ல இருந்த கணக்கெல்லாம் பேரு மாறி, நெளிஞ்ச நெளிஞ்ச எழுத்தா நிக்கி. அவ எந்திரிச்சு ரூம் வாசல்ல வந்து நின்னா. சத்தமே போடலை. மெதுவாத்தான் சொன்னா. "இனிமே யாராவது பென் டிரைவோட இந்த ரூமுக்குள்ள வந்தா, பிரிண்டரைத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டு, நானும் அவரும் தனி வீடு பாத்துப் போயிருவோம்."

தனி வீடு! எங்க வீட்டுல அந்த வார்த்தையை அதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. சாப்பாட்டுல ஒருத்தருக்கும் கை ஓடலை. நயினார் தட்டைப் பாத்தபடியே இருக்கான். எங்க சார் எதுக்கோ மூணு தடவை உப்பு கேட்டாரு. மகன் போயிட்டா அப்புறம் அந்த வீட்டுல யாரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? சாரையா?

அப்பத்தான் எனக்கு மண்டையில பட்டுச்சு. அத்தனை பெரிய ஊரு, ஒரே ஒரு எக்ஸ்சேஞ்ச் வச்சுத்தானே பேசுனோம்? ஒருத்தர் வீட்டுக்குள்ள ஒருத்தர் போனோமா? அதே மாதிரி பிரிண்டருக்கும் நடுவுல ஒண்ணு வச்சா என்ன?

நயினார் காலேஜ் படிக்கும்போது வாங்குன கம்ப்யூட்டர் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. அதை எறக்கித் திறந்தேன். உள்ள தூசியும் பல்லி முட்டையும். சாரோட டிராயிங் பிரஷ்ஷை எடுத்து உக்காந்து தட்டுனேன். அது ஏதோ அணில் முடி பிரஷ்ஷாம், குழந்தை மாதிரி வச்சிருந்தேன்னு பொறவு குதிச்சாரு. குதிச்சா என்ன, தூசி நல்லாப் போச்சு.

நயினார் வந்து பாத்தான். "எம்மா, வேண்டாம்மா. வைஃபை பிரிண்டர் ஒண்ணு புதுசா வாங்கிரலாம்"னான். "ஓடுத சாமானைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குத வீட்டுல லட்சுமி தங்காதுலே"ன்னு சொல்லிட்டேன். யூடியூப்ல ஒருத்தன் தமிழ்லயே சொல்லித் தாரான். பாதி சொல்லுவான், மீதிக்கு "அது உங்களுக்கே தெரியும்"னுருவான். எனக்கு எங்க தெரியும்? பழைய விண்டோஸை அழிச்சுட்டு லினக்ஸ் போடுங்கான். போட்டேன். நின்னுபோச்சு. மறுபடி போட்டேன். பிரிண்டரை இதுல சொருகி, இதை வைஃபை டப்பாவோட வயர் வச்சு இணைச்சு, அதுக்குன்னு மாறாத ஒரு அட்ரஸ் கொடுத்து, எல்லார் போன்லயும் லேப்டாப்லயும் அந்த அட்ரஸைச் சேத்தேன். பேரு வைன்னு கேட்டுச்சு. 'உலகம் எக்ஸ்சேஞ்ச்'னு வச்சேன்.

மொத நாள் பூரணத்தை மாடியில இருந்து அடிக்கச் சொன்னேன். அடிச்சா. மெஷின் கடகடன்னு தாளைத் துப்புது. ஒவ்வொரு தாள்லயும் ஒரே ஒரு வரி, அதுலயும் மந்திரம் எழுதுன மாதிரி ஒரு பாஷை. நிறுத்தினாலும் நிக்க மாட்டேங்கு. கட்டிலுக்கு அடியிலெல்லாம் தாளு. எங்க சார் ஒண்ணை எடுத்துப் பாத்துட்டு, "இது மலையாளமா?"ங்காரு. வேற ஒண்ணுமில்ல தாயி, பிரிண்டருக்குப் பாஷை மாத்திச் சொல்லுத டிரைவர்னு ஒரு ப்ரோகிராம் உண்டு, அதை மாறிப் போட்டிருந்தேன். உனக்குத் தெரியும்ல. அதைச் சரி பண்ணி மறுபடி அடிக்கச் சொன்னேன். வந்துச்சு பாரு! ஏழாம் வகுப்பு அறிவியல், அச்சடிச்ச மாதிரி. சிவரஞ்சனி ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அத்தை, சத்தியமா நான் நம்பவே இல்லை"ன்னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அவ எங்கிட்ட அன்பா பேசுன நீளமான பேச்சு அதுதான்.

மெஷினையும் பிரிண்டரையும் எங்க வைக்கன்னு ஒரு கேள்வி வந்துச்சு. ஹால்ல வச்சா வாரவன் போறவன் தொடுவான். சிவரஞ்சனி ரூம்ல வச்சா மறுபடி அதே கதைதான். அதனால என் ரூம்ல வச்சேன், என் நாற்காலிக்குப் பக்கத்துல, கை எட்டுத மாதிரி. வேற எங்க வைக்கச் சொல்லுத?

அப்புறம் பாரு, எல்லாத் தாளும் என் ரூமுக்குத்தான் வரும். நான் படிக்கதில்லை. தாளு வருது, எனக்குக் கண்ணு இருக்கு, அவ்வளவுதான். எடுத்து அடுக்கி அவங்கவங்க கையில கொண்டுபோய்க் கொடுப்பேன். சும்மா கொடுக்க முடியுமா, ஒரு வார்த்தை சொல்லுவேன். "ரஞ்சனி, இந்த ஜவுளிக்கடைக்காரர் போன மாசத்தைவிட இந்த மாசம் கம்மியால்லா காட்டுதாரு, என்னன்னு கேளு." இப்படி. நல்லதுக்குத்தானே.

அந்த லினக்ஸ்ல ஒரு வசதி உண்டு. யாரு என்ன அடிச்சிருக்காங்கன்னு வரிசையா போன்லயே பாக்கலாம். நிறுத்தி வைக்கலாம், முன்னால தள்ளலாம். எங்க ஆபீஸ்ல வெளியூருக்குப் போடுத ட்ரங்க் கால் மாதிரியேதான். ஆர்டினரின்னா மெதுவா, அர்ஜென்ட்னா சீக்கிரம், லைட்னிங்னா உடனே. அதே முறையை நானும் கொண்டாந்தேன். எங்க சார் மனு ஆர்டினரி, லைட்டு எரிஞ்சா எரியுது எரியாட்டி போகுது. பூரணம் கேள்வித்தாள் அர்ஜென்ட். என் ராசிபலன் லைட்னிங், ராகு காலத்துக்கு முன்னால பாத்துரணும்ல. சிவரஞ்சனிது அன்னன்னைக்கு மாறும். காலையில "அத்தை காபி குடிச்சீங்களா"ன்னு கேட்டான்னா அர்ஜென்ட். கேக்காமப் போனா ஆர்டினரி.

ஒரு நாள் கணக்குத் தாக்கல் பண்ண கடைசி நாளாம். யாருக்குத் தெரியும்? அன்னைக்குப் பாத்து அவ காபியைப் பத்திக் கேக்கலை. நானும் நிறுத்தி வச்சுட்டு வரலட்சுமி பூஜைக்கு எதுத்த வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா வாசல்லயே நிக்கா, முகமெல்லாம் செவந்து. "அத்தை, என் தாளு எங்க?" "வரிசையில இருக்கும்மா"ன்னேன். "எந்த வரிசையில?"ன்னு கேட்டா பாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

அப்புறம் பூரணம் கதை. எதுத்த வீட்டுப் பிள்ளை அவகிட்டதான் டியூஷன் படிக்கு. படிப்பு ஏறாது, ஆனா என்னைப் பாத்தா "ஆச்சி"ன்னு வாய் நிறையக் கூப்பிடும். பாவம்னு ரெண்டு கேள்வி சொன்னேன். ரெண்டே ரெண்டு, ஒவ்வொரு பக்கத்துலயும். அந்தப் பிள்ளை என்ன செஞ்சுச்சு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிருச்சு. பரீட்சையில மொத்த கிளாஸும் நூத்துக்கு நூறு. பூரணம் சந்தோஷத்துல எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தா. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல அதே பாடத்துல பரீட்சை, மொத்த கிளாஸும் ஃபெயில். அவளுக்கு விளங்கவே இல்லை. "என்னக்கா இது, எங்கிட்ட எழுதும்போது இவ்வளவு நல்லா எழுதுதுங்களே"ன்னு கேட்டா. "பள்ளிக்கூடத்துக்காரங்க சரியில்லை பூரணம்"னு ஆறுதல் சொன்னேன். பொறவு அந்தப் பிள்ளைகள்ல ஒண்ணு உளறிருச்சு.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னன்னா, ஒரு நாள் மெஷின்ல இருந்து ஒரு தாளு வருது. வீட்டு வாடகை ஒப்பந்தம். பெருமாள்புரம். குடியிருக்கப் போறவர் பேரு ஆறுமுகநயினார். எங்க நயினாரோட முழுப்பேரும் அதுதான்! தனி வீடு பாத்துட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, என் மெஷின்லயே அடிக்கா!

நான் அழுதேன். சத்தமாவே அழுதேன். அம்பாசமுத்திரத்துல இருக்க சம்பந்திக்குப் போன் போட்டேன், தென்காசியில நாத்தனாருக்குப் போட்டேன், சங்கரன்கோவில்ல மாமாவுக்குப் போட்டேன். சம்பந்தி காரைப் பிடிச்சு வந்துட்டாரு. மாமா பஸ்ஸுல வந்தாரு, பொரி உருண்டையும் வாங்கிட்டு வந்தாரு, எதுக்குன்னு தெரியலை. எல்லாரும் ஹால்ல உக்காந்து சிவரஞ்சனியைப் பாக்காங்க. அவ ஒண்ணும் புரியாம முழிக்கா. நான் தாளை எடுத்து நடுவுல வச்சேன்.

அவ எடுத்துப் பாத்தா. அப்பா பேருன்னு போட்டிருந்த இடத்துல விரலை வச்சா. அதுல 'சுடலைமாடன்'னு இருந்துச்சு. இது வேற ஆறுமுகநயினாராம். செருப்புக்கடை வச்சிருக்காராம். அவர் கணக்கை இவதான் பாக்காளாம். ஒப்பந்தத்தை அடிச்சுத் தரச் சொல்லிக் கேட்டிருக்காரு. நம்ம ஜில்லாவுல ஒரே பேர்ல பத்துப் பேரு இருந்தா நான் என்ன செய்ய? சம்பந்தி காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாரு. மாமா மட்டும் இருந்து சாப்பிட்டுட்டுப் போனாரு.

அன்னைக்கு சிவரஞ்சனி சொன்னா: "அத்தை, என் தாளை என்னைவிட முன்னால நீங்கதான் படிக்கீங்க. மெஷினை ஹாலுக்கு மாத்திருவோம்." பூரணமும் ஆமான்னா. நயினாரும் தலையை ஆட்டுனான். எங்க சார்கூட!

"மாத்த முடியாது. இடத்தை மாத்தினா அட்ரஸ் மாறிரும்"னு சொல்லிட்டேன்.

சிரிக்காத தாயி. நீ கம்ப்யூட்டர் படிச்சவ, உனக்குத் தெரியும், ஐபி அட்ரஸுக்கும் ரூமுக்கும் சம்பந்தம் இல்லைன்னு. அவங்களுக்குத் தெரியாதுல்ல. உனக்கு ஒண்ணு சொல்லுதேன். ரிடையர் ஆகி வீட்டுல உக்காந்த பொறவு, காலையில இருந்து விளக்கு வைக்க வரைக்கும் எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சோறு வெந்துட்டான்னு கேப்பாங்க, அவ்வளவுதான். இப்ப பாரு, எல்லாரும் என் ரூம் வாசல்ல வந்து நிக்காங்க. "அத்தை, வந்துட்டா?" "அக்கா, என் தாளு வந்துட்டா?" அதை எடுத்து ஹால்ல வைக்கணுமாம்ல, ஹால்ல.

அப்புறம் ரெண்டு மூணு நாளு நாலு பேரும் மாடியில கூடிக் கூடிப் பேசுனாங்க. டியூஷன் விஷயமாம். நான் போனா நிறுத்திருவாங்க. அதுக்குப் பொறவு சண்டையே இல்லை தாயி. மெஷினைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை. எல்லாரும் என் அருமையைப் புரிஞ்சுக்கிட்டாங்க.

ஆனா வார தாளுதான் கொஞ்சம் விசித்திரமா வர ஆரம்பிச்சுது. ஒரு நாளு, 'மதியம் இரண்டு மணி நேரம் தூங்கும் மாமியார்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், ஆராய்ச்சியில் தகவல்'னு ஒண்ணு. எந்த ஊர் ஆராய்ச்சின்னு போடலை. எழுத்து நல்லாப் பெருசு பெருசா, கண்ணாடி போடாமலே படிக்கலாம். "ரஞ்சனி, இது உன் தாளா?"ன்னு கேட்டேன். "தெரியலையே அத்தை, தப்பா வந்திருக்கும், கீழ போட்டுருங்க"ன்னா. கீழ போடவா செய்வாங்க, எவ்வளவு நல்ல விஷயம்! அதுல இருந்து மத்தியானம் தூங்குதேன். அந்த நேரத்துல அவளும் நிம்மதியா வேலை பாக்கான்னு நயினார் சொன்னான். பாரு, ஒரே தாளுல ரெண்டு பேருக்கும் நன்மை.

இன்னொரு நாளு 'மாலையில் கோயிலைப் பதினோரு சுற்று சுற்றினால் மூட்டு வலி தீரும்'னு வந்துச்சு. அது டியூஷன் நடக்குத நேரம். சுத்திட்டுத்தான் இருக்கேன். வலி தீரலை, ஆனா பழக்கம் ஆயிட்டு.

எங்க சார் மனுதான் தாயி என் உசுரை வாங்கிருச்சு. அவர் வழக்கம்போல மாநகராட்சிக்கு அடிச்சிருக்காருன்னு எடுத்தேன். 'மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் வீட்டில் கடந்த பல வாரங்களாகத் தொடர்ந்து சுண்டைக்காய் வத்தக்குழம்பு மட்டுமே வைக்கப்படுகிறது. பலமுறை வாய்மொழியாக முறையிட்டும் நடவடிக்கை இல்லை. மேலும் விண்ணப்பதாரரின் டிராயிங் பிரஷ்ஷும் பாழாக்கப்பட்டுள்ளது. தாங்கள் நேரில் ஆய்வு செய்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

எப்படி இருக்கும் எனக்கு? மாநகராட்சிக்காரன் வந்து என் குழம்பைத் திறந்து பாத்தா மானம் என்னாகும்? தாளைச் சுக்குச் சுக்காக் கிழிச்சேன். அவருக்கு வயசாயிட்டு, புத்தி தடுமாறுதுன்னு நினைச்சுக்கிட்டேன், வெளிய சொல்லலை. அன்னைக்கே அவியல் வச்சு, அப்பளம் பொரிச்சு, பால்பாயாசமும் வச்சேன். நல்லா ரசிச்சுச் சாப்பிட்டாரு. "ஆவன செஞ்சுட்டாங்க போல"ன்னு சிவரஞ்சனியைப் பாத்துச் சொன்னாரு. அவளுக்குப் புரையேறிருச்சு. மறுநாளு கடையில புது பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்தேன். அந்த மனு போகாம தடுத்ததே நான்தான், அவருக்கு அது இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இப்ப நான் ஏன் திருச்சி போறேன்னு கேக்கணும்ல நீ? என் மக கோமதி அங்க இருக்கா, பெரிய அபார்ட்மென்ட்ல. போன வாரம் மெஷின்ல ஒரு தாளு வந்துச்சு. கோமதி சிவரஞ்சனிக்கு எழுதுன மெயிலு. 'அண்ணி, எங்க வீட்டுக்கும் இந்த மாதிரி ஒரு பிரிண்ட் சர்வர் வேணும். இந்த ஊர்ல அம்மா அளவுக்குத் தெரிஞ்ச ஆளே கிடையாது. ஆனா அம்மாவைக் கேக்கத் தயக்கமா இருக்கு. அம்மா இல்லாம நீங்க அங்க எப்படிச் சமாளிப்பீங்க?'ன்னு எழுதியிருக்கா. அதே பெரிய எழுத்து.

பெத்த மனசு கேக்குமா? நான் மெயிலைப் பாத்ததா காட்டிக்கலை. "எனக்கென்னமோ கோமதியைப் பாக்கணும்போல இருக்கு"ன்னு மட்டும் சொன்னேன். சிவரஞ்சனி, "ஐயோ அத்தை, நீங்க இல்லாம எப்படி"ன்னா. சொல்லிக்கிட்டே பரண்ல இருந்து என் பெட்டியை எறக்கிட்டா. டிக்கெட்டையும் நயினார் உடனே போட்டுட்டான். வாசல்ல எல்லாரும் வரிசையா நின்னு வழியனுப்புனாங்க.

இரு, போன் அடிக்கி. கோமதிதான். ஹலோ, என்னட்டி? ஆமா, பஸ்ஸுலதான். ஆமா, சர்வர் போடத்தான் வாரேன். மெயிலா? சும்மா இருட்டி, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? சரி, நீ எழுதலை. எழுதவே இல்லை. சரி, நம்புதேன். என்னது? பிரிண்டரே கிடையாதா? அப்ப எங்க அடிப்பீங்க? எல்லா வீட்டுக்காரங்களுமா? சரி சரி, வந்து பேசிக்கிடுவோம். வை.

பாத்தியா தாயி, எழுதவே இல்லைங்கா. என் மகதானே, அந்த ரோஷம் இருக்கும்ல. வீட்டுல பிரிண்டரே இல்லையாம். அந்த அபார்ட்மென்ட்ல அத்தனை வீடு இருக்கு, அத்தனை பேரும் மெயின் ரோட்டுல உள்ள ஜெராக்ஸ் கடைக்குத்தான் நடக்காங்களாம், வெயில்ல. ஒரு வாரம்னு நினைச்சு வந்தேன். இது ஒரு வாரத்துல முடியுத வேலையா, நீயே சொல்லு? மொத்த அபார்ட்மென்ட்டுக்கும் ஒரே மெஷின் போட்டுர வேண்டியதுதான். கோமதி வீட்டு ஹால்ல எனக்கு ஒரு கட்டில் போடுவா, அதுக்குப் பக்கத்துல வச்சா எனக்கும் கை எட்டும்.

ஆறு மாசமாவது ஆகும். சிவரஞ்சனிகிட்ட சொன்னாத் தாங்க மாட்டா. இருந்தாலும் சொல்லிரணும்ல. இரு, போடுதேன். ஹலோ, ரஞ்சனி. பஸ்ஸுலதாம்மா. இல்ல, இங்க வேலை கூடிப்போச்சு, ஆறு மாசம் ஆகும்போல. ஆமா, ஆறு மாசம். அழாதம்மா. அழாத. சரி, சாரைப் பாத்துக்கோ. வைக்கேன்.

பாவம் ரஞ்சனி. "நீங்க மெதுவா வாங்க அத்தை, அவசரமே இல்லை"ன்னு சொல்லுததுக்குள்ள குரல் உடைஞ்சு போச்சு. பின்னால எல்லாரும் கை தட்டுத மாதிரி ஒரு சத்தம். டிவியாத்தான் இருக்கும். நான் இல்லைன்னா அந்த வீட்டுல சவுண்டைக் குறைக்க ஆளு யாரு இருக்கா, சொல்லு.